நமக்கு செட் ஆகற க்ரீம், ஷாம்பு, பார்லர்: தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் அடிக்கடி கேக்கற கேள்விகள்

தர்மபுரி டவுன்ல பார்லர் வேலை பார்த்துட்டு இப்போ வீட்டோட சின்னதா ஒண்ணு வச்சிருக்கேன். வர்றவங்க திரும்பத் திரும்ப அதே கேள்விங்கள கேக்கறாங்க, போன்ல டைப் பண்ணி டைப் பண்ணி கை வலிக்குது, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிட்டேன். பாலக்கோடு, பென்னாகரம், காவேரிப்பட்டணம், ஊத்தங்கரைன்னு எங்க இருந்து படிச்சாலும் பொருந்தும். இந்த பிராண்டு வாங்குங்கன்னு எங்கயும் சொல்லல, டாக்டர்கிட்ட போக வேண்டியதுன்னா போங்கன்னு நேராவே சொல்லியிருக்கேன்.

என்னோடது ஆயிலி ஸ்கின்னா டிரை ஸ்கின்னா, எப்படிக்கா தெரிஞ்சுக்கறது?

மைல்டான ஃபேஸ்வாஷ் போட்டு கழுவிட்டு எதுவும் தடவாம ஒரு மணி நேரம் விடுங்க. அப்புறம் ஒரு டிஷ்யூ எடுத்து நெத்தி, மூக்கு, கன்னம்னு தனித்தனியா ஒத்திப் பாருங்க. எல்லா இடத்துலயும் எண்ணெ ஒட்டுனா ஆயிலி, நெத்தி மூக்குல மட்டும்னா காம்பினேஷன், ஒண்ணுமே ஒட்டாம இழுத்துப் பிடிச்ச மாதிரி இருந்தா டிரை. ஆனா ஒண்ணு, போர் தண்ணில சோப்பு போட்டு கழுவிட்டு இந்த டெஸ்ட் பண்ணாதீங்க, அதுல கழுவுனா ஆயிலி ஸ்கின்கூட இழுக்கும், உடனே டிரைன்னு நெனச்சு கெட்டி க்ரீமா வாங்கிப் பூசி பரு வரவச்சுக்குவீங்க. அதோட சித்திரையில ஒரு மாதிரி, மார்கழில ஒரு மாதிரின்னு மாறும், ஓசூர், தளி பக்கம் இருக்கறவங்களுக்கு குளிர்ல இன்னும் நல்லாவே வித்தியாசம் தெரியும். வருஷம் பூரா ஒரே க்ரீம்தான் போடணும்னு எந்த சட்டமும் இல்ல.

கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததுல இருந்து முடி தேங்கா நாரு மாதிரி ஆயிடுச்சு, எந்த ஷாம்பு போட்டா சரியாகும்?

முதல்ல ஷாம்புவ விடுங்க, தலைக்கு எந்த தண்ணி ஊத்தறீங்கன்னு பாருங்க. நம்ம பக்கம் போர் தண்ணி நிறைய இடத்துல உப்பு, கால்சியமும் மெக்னீசியமும் அதிகம், சோப்பு போட்டா நொரையே வராது, பக்கெட் ஓரமா வெள்ளையா படியும் பாருங்க அதே படிவுதான் முடி மேலயும் உக்காருது. அந்த முடிக்கு எவ்வளவு காஸ்ட்லி கண்டிஷனர் போட்டாலும் சொரசொரன்னுதான் இருக்கும். 2013ல திறந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டத்துத் தண்ணி உங்க தெருவுக்கு வருதுன்னா தலைக்கு குளிக்கற நாள்ல கடைசியா அலசறதுக்கு மட்டும் அதுல ஒரு பக்கெட் எடுத்து வச்சுக்கோங்க, இல்லன்னா மழைத் தண்ணி. இத செஞ்சாலே பாதிப் பேருக்கு ஷாம்பு மாத்த வேண்டிய அவசியம் வராது.

ஷவர்ல மாட்டற ஃபில்டர் வாங்கலாமான்னு அடுத்து கேப்பீங்க. அதுல பெரும்பாலும் குளோரினும் மண்ணும்தான் கொறையும், உப்பு கொறையாது. உப்ப எடுக்கறது சாஃப்ட்னர்தான், அது ரெசின் வச்ச பெரிய செட்டப், சொந்த வீடுன்னா யோசிங்க. ஷாம்பு லேபிள்ல டைசோடியம் ஈடிடிஏன்னு ஒரு பேர் இருந்தா அது உப்ப கொஞ்சம் பிடிச்சு வெளிய எடுக்கும், அந்த மாதிரி ஒண்ண பாட்டிலா வாங்கறதுக்கு முன்னாடி சாஷே வாங்கி ரெண்டு தடவ போட்டுப் பாருங்க. சாஷே ஷாம்புவ ஊர் ஊரா கொண்டு போனதே நம்ம கடலூர்க்காரங்கதான், அதுக்கு இத விட நல்ல உபயோகம் எனக்குத் தெரியல.

அரப்பு, சீயக்கா எல்லாம் ஷாம்புவ விட நல்லதுதானே?

நல்லதுதான், உங்க முடிக்கு ஒத்து வந்தா. அரப்பு நல்லாவே எண்ணெய எடுக்கும், வறண்ட தலைக்கு வாரா வாரம் போட்டா இன்னும் வறளும், அப்போ வடிச்ச கஞ்சியில கலந்து போடுங்க. சரியா சலிக்காத பொடி தலையில தங்கி அரிக்கும், அத பொடுகுன்னு நெனச்சுக்கறவங்க உண்டு. கலர் அடிச்ச முடிக்கும் ஸ்ட்ரெயிட்னிங் பண்ண முடிக்கும் ரெண்டுமே வேண்டாம். கடையில பாக்கெட்டா விக்கற பொடில என்னென்ன இருக்குன்னு எழுதலன்னா வாங்காதீங்க, மெஷின்ல குடுத்து நம்மளே அரைச்சுக்கறது உத்தமம்.

பொடுகு போகணும்னு எண்ணெ வச்சு ஊற விடறேன், போகவே மாட்டேங்குது.

எண்ணெ வைக்கறதாலதான் போகல. பொடுகுக்குக் காரணமான மலசீஸியான்னு ஒரு பூஞ்சை நம்ம தலையில இருக்கற எண்ணெய தின்னுதான் வளருது, நீங்க வேற மேல மேல ஊத்தறீங்க. கீட்டோகோனசோல் 2 சதவீதம் ஷாம்பு மெடிக்கல்ல கிடைக்கும், போட்ட உடனே அலசிடாம 3ல இருந்து 5 நிமிஷம் விட்டு அலசணும், அந்த அஞ்சு நிமிஷத்துலதான் மருந்து வேலையே செய்யுது. ஒரு மாசம் போட்டும் கேக்கலன்னா, இல்ல தடிப்பா செதில் செதிலா உரிஞ்சா, தோல் டாக்டர்கிட்ட போங்க.

பத்தே நாள்ல கலர் வருதுன்னு ஒரு க்ரீம் எல்லாரும் போடறாங்க, நானும் போடலாமா?

இதுக்கு மட்டும் கொஞ்சம் நீளமா சொல்றேன், கோவிச்சுக்காதீங்க.

பத்து நாள்ல கலர் மாறுதுன்னா அதுல ரெண்டுல ஒண்ணு இருக்க வாய்ப்பு அதிகம், ஸ்டீராய்டு இல்லன்னா பாதரசம். முதல் வகை மெடிக்கல் ஷாப்புல ட்யூபா இருக்கும். பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன்னு பேர் போட்டிருக்கும், சிலதுல ஹைட்ரோக்வினோனும் ட்ரெட்டினாயினும் சேத்திருப்பாங்க. இதெல்லாம் மருந்து, டாக்டர் இத்தன நாள்னு எழுதிக் குடுத்தா அத்தன நாள் மட்டும் போடறது. 2018ல இந்த மாதிரி ஸ்டீராய்டு க்ரீம்கள டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு அரசாங்கமே மாத்துச்சு, ஆனாலும் பக்கத்து வீட்டு அக்கா க்ரீம் பேர எழுதிக் குடுத்தாங்கன்னு வாங்கிட்டு வர்றவங்கள நான் பாத்துட்டுதான் இருக்கேன். முதல் ரெண்டு வாரம் மூஞ்சி பளபளன்னு இருக்கும். அப்புறம் தோல் மெலிஞ்சு வெயில்ல போனா எரியும், சின்னச் சின்ன ரத்தக் குழாய் சிவப்பா தெரியும், பரு கொத்து கொத்தா வரும், கன்னத்துல பூனமுடி வளரும், நிறுத்தலாம்னு நிறுத்துனா ஒரே வாரத்துல முன்ன விட மோசமா செவந்து வீங்கி மறுபடி அதையே போட வைக்கும். மாசக்கணக்கா போட்டுட்டு இருக்கறவங்க தானா நிறுத்தாம ட்யூபையும் கையோட எடுத்துட்டு டாக்டர்கிட்ட போங்க, எப்படி விடணும்னு அவங்க சொல்லுவாங்க.

ரெண்டாவது வகை டப்பாவுல வரும், வெளிநாட்டு எழுத்து, உள்ள மஞ்சளாவோ முத்து மாதிரியோ ஒரு க்ரீம், எங்க தயாரிச்சதுன்னே இருக்காது. சிலதுல தங்கம் வெள்ளி நகைல படாம பாத்துக்கோங்கன்னு எழுதியிருக்கும். எதுக்குத் தெரியுமா, பாதரசம் பட்டா நகை வெளுத்துடும். நகைக்கே ஆகாதத கன்னத்துல தேய்க்கறோம். நம்ம நாட்டு காஸ்மெட்டிக்ஸ் ரூல்ஸ் 2020 படி க்ரீம்ல பாதரசம் சேக்கவே கூடாது, தெரியாம கலந்தாக்கூட பத்து லட்சத்துல ஒரு பங்குக்கு மேல இருக்கக் கூடாது. பாதரசம் தோல் வழியா உள்ள போய் கிட்னிய தாக்கும். கேரளாவுல மலப்புரம் பக்கம் கிட்னி பிரச்சனையோட வந்தவங்கள டாக்டருங்க விசாரிச்சப்போ நிறைய பேர் ஃபேர்னஸ் க்ரீம் போட்டவங்கன்னு தெரிஞ்சு 2023ல பேப்பர்லயெல்லாம் வந்துச்சு.

பொண்ணு பாக்க வர்றாங்க, அதுக்குள்ள கலராகணும்னு அம்மாவே கூட்டிட்டு வர்றாங்க. உங்க கைக்கு உள்பக்கம், மேல் தோள்னு வெயில் படாத இடத்துல என்ன நெறமோ அதுதான் உங்க நெறம், எந்த நல்ல பொருளும் முகத்த அது வரைக்கும்தான் கொண்டு வரும். அதுக்கு மேல கொண்டு போறேன்னு சொல்றவங்க விக்கறத வாங்காதீங்க.

லேபிள்ல என்ன பாக்கணும், எழுத்து பொடிப் பொடியா இருக்கே?

போன்ல போட்டோ எடுத்து பெருசு பண்ணிப் பாருங்க. தயாரிச்சவங்க பேரும் முழு அட்ரஸும், லைசென்ஸ் நம்பர், பேட்ச் நம்பர், தயாரிச்ச தேதி, எக்ஸ்பைரி, என்னென்ன சேத்திருக்காங்கன்னு லிஸ்ட். வெளிநாட்டுப் பொருள்னா இங்க இறக்குமதி பண்ணவங்க பேரும் ரெஜிஸ்ட்ரேஷன் நம்பரும் இருக்கணும். வெளி அட்டையில இருக்கற பேட்ச் நம்பரும் உள்ள பாட்டில்ல இருக்கறதும் ஒண்ணான்னு பாருங்க, டூப்ளிகேட்ல பல நேரம் அங்கதான் மாட்டும். மூடி திறந்த டப்பா படம் போட்டு 6எம், 12எம்னு இருந்தா திறந்ததுல இருந்து அத்தன மாசம்னு அர்த்தம், திறந்த தேதிய ஸ்கெட்ச்ல மேலயே எழுதி வச்சுருங்க.

புதுசா எது வாங்குனாலும் உடனே மூஞ்சில போடாதீங்க. முழங்கைக்கு உள்பக்கம் ஒரு ரூபா காசு அளவுக்கு காலைல ஒண்ணு சாயங்காலம் ஒண்ணுன்னு ஒரு வாரம் தடவிப் பாருங்க. அரிக்கல, செவக்கலன்னா முகத்துக்கு.

சன்ஸ்க்ரீன் போட்டா வேர்த்துக் கொட்டுது, வெள்ளையா வேற தெரியுது, தேவைதானா?

டூ வீலர்ல தர்மபுரில இருந்து கிருஷ்ணகிரிக்கு தினம் ஹைவேல போய் வர்றவங்களுக்கு கட்டாயம் தேவை. வெள்ளையா தெரியுதுன்னா ஜிங்க், டைட்டானியம் இருக்கறது, ஜெல் டைப் பாருங்க, அது நம்ம வேர்வைக்கும் பரவாயில்ல. எஸ்பிஎஃப் 30க்கும் 50க்கும் பெரிய வித்தியாசம் இல்ல, சரியா போட்டா 30 வெயில்ல இருக்கற யூவிபிங்கற கதிர்ல 97 சதவீதம் தடுக்கும், 50 போட்டா 98. வித்தியாசம் அளவுலதான். ஆள்காட்டி விரல், நடுவிரல் ரெண்டு மேலயும் நீளமா பிதுக்குனா எவ்வளவோ அவ்வளவு முகத்துக்கும் கழுத்துக்கும் வேணும், பொட்டு வைக்கற மாதிரி வச்சா 50 போட்டும் பிரயோஜனம் இல்ல. பிஏ பக்கத்துல ப்ளஸ் எத்தனைன்னும் பாருங்க, அது வெயில்ல இருக்கற இன்னொரு கதிரான யூவிஏக்கு. நேர் வெயில்லயே நிக்கறவங்கன்னா ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ மறுபடி போடணும். மாந்தோப்புல, தக்காளிக் காட்டுல வேலைன்னா அது நடக்காது, முந்தானைய சுத்திக் கட்டிக்கறது, தொப்பி, முழுக்கை சட்டை, இதுவே பெரிய பாதுகாப்பு.

கன்னத்துல மங்கு விழுந்திருக்கு, ஃபேஷியல் பண்ணா போகுமா?

போகாது. கர்ப்பமா இருக்கறப்போ, கருத்தடை மாத்திரை எடுக்கறப்போ, வெயில்லன்னு பல காரணத்துல வரும். நல்லா தேச்சு ஃபேஷியல் பண்ணா, ப்ளீச் போட்டா இன்னும் கருக்கும். அடுப்பு அனலும் ஆகாது. டின்டட் சன்ஸ்க்ரீன்னு தோல் கலர்லயே வருது, அதுல இருக்கற அயர்ன் ஆக்ஸைடு கண்ணுக்குத் தெரியற வெளிச்சத்தையும் தடுக்கும், மங்குக்கு சாதா சன்ஸ்க்ரீன விட அது உதவும். மத்தது டாக்டர் வேலை. தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு ஊர்லயும் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கு, தோல் ஓபிக்கு காலைலயே போயிடுங்க.

கழுத்து சுத்தி கருப்பா இருக்கு, எவ்வளவு தேச்சாலும் போக மாட்டேங்குது.

அது அழுக்கு இல்ல, தேய்க்காதீங்க ப்ளீஸ். தடிப்பா வெல்வெட் துணி மாதிரி கழுத்துலயும் அக்குள்லயும் கருத்திருந்தா பல பேருக்கு உடம்புல இன்சுலின் சரியா வேலை செய்யலன்னு அர்த்தம், சுகர் வர்றதுக்கு முன்னாடியே இப்படி காட்டும். பொண்ணுங்களுக்கு மாதவிடாய் தள்ளிப் போறது, தாடையில முடி வளர்றதும் சேர்ந்திருந்தா பிசிஓஎஸ்ங்கற சினைப்பை, ஹார்மோன் பிரச்சனை இருக்கான்னும் பாக்கணும். கழுத்துக்குன்னு ஆயிரக்கணக்குல பேக்கேஜ் போடற பார்லருக்கு போறதுக்கு முன்னாடி வெறும் வயித்துல சுகர் டெஸ்ட் எடுத்துருங்க, உடம்பு எடை கொறைய கொறைய அதுவும் வெளுக்கும்.

பல்லுல காவிக் கறை, பார்லர்லயே டீத் ஒயிட்னிங் பண்றாங்களாமே?

நம்ம ரெண்டு ஜில்லாவுக்கும் இது தெரிஞ்ச கதைதான். சின்ன வயசுல பல்லு உருவாகற காலத்துல குடிச்ச தண்ணில ஃப்ளோரைடு அதிகம் இருந்தா பல்லுக்குள்ளயே கறை ஏறிடும், ஒகேனக்கல் தண்ணி கொண்டு வந்ததுக்கே அது ஒரு காரணம். மேல ஒட்டுன கறை இல்லங்கறதால பேஸ்ட்டும் போகாது, பொடியும் போகாது, கரி வச்சு தேச்சா எனாமல்தான் தேயும். பார்லர்ல பல்லத் தொடவே விடாதீங்க. பல் டாக்டர் மேலாப்புல லேசா தேச்சு எடுக்கறது, பல் கலர்ல பூசறதுன்னு கறையப் பாத்து வழி சொல்லுவாங்க.

எலுமிச்சம்பழம், கஸ்தூரி மஞ்சள்னு வீட்டு வைத்தியத்துல சைடு எஃபெக்ட் கிடையாதுல்ல?

எலுமிச்ச சாறு பூசிட்டு வெயில்ல போனா தோல் வெந்து கருப்புத் தழும்பா நிக்கும், மாசக்கணக்குல போகாது. பரு மேல டூத் பேஸ்ட், சமையல் சோடா ரெண்டும் வேண்டாம். கஸ்தூரி மஞ்சள்னு மஞ்சமஞ்சேன்னு விக்கறது பெரும்பாலும் சாதா மஞ்சளோ வேற கிழங்கோதான், அசல் கஸ்தூரி மஞ்சள் கறை பிடிக்காது, கற்பூரம் மாதிரி ஒரு வாசன வரும். தயிர், கடலமாவு, கத்தாழன்னு நிறுத்திக்கோங்க, அதுவும் கத்தாழைய வெட்டுனதும் வடியற மஞ்சத் தண்ணிய முழுசா வடிய விட்டு கழுவிட்டு, அதுதான் அரிக்க வைக்கறது.

நல்ல பார்லர்னு எத வச்சுக் கண்டுபிடிக்கறது? ஏசி, போர்டு எல்லாம் பாத்தா எல்லாமே ஒண்ணு மாதிரிதான் இருக்கு.

ஏசிய விடுங்க. முதல் தடவ போறப்போ த்ரெடிங் மட்டும் பண்ணுங்க, அந்த பத்து நிமிஷத்துல எல்லாம் தெரிஞ்சுடும். நூல் புதுசா அறுத்து எடுக்கறாங்களான்னு பாருங்க. நூலோட ஒரு முனைய பல்லுல கடிச்சு இழுக்கறது பழைய பழக்கம், அந்த வாயில பட்ட நூல் உங்க புருவத்துல உராயுது, கழுத்துல மாட்டி இழுக்கறவங்களும் இருக்காங்க, அப்படிப் பண்ணச் சொல்லிக் கேளுங்க, கோவிச்சுக்கிட்டா அடுத்த தடவ போக வேண்டாம். கைய கழுவறாங்களா, பவுடர் பஃப் எத்தன பேர் மூஞ்சில போனது, பெட் மேல விரிச்ச துணிய மாத்தறாங்களான்னு கண்ணு ஓட்டுங்க. வாக்சிங்ல ஒரே குச்சிய டப்பாவுல முக்கி, உங்க கைல தடவி, மறுபடி அதே டப்பாவுல முக்குனா எந்திரிச்சு வந்துடுங்க, மருவும் தொத்தும் கொப்புளமும் அப்படிதான் பரவுது.

அடுத்தது, அக்கா இது என்ன க்ரீம்னு கேளுங்க. டப்பாவ எடுத்து கைல குடுத்து, இதுல இது இருக்கு, உங்களுக்கு பரு இருக்கறதால இது வேண்டாம்னு சொல்ற ஆளுதான் தொழில் தெரிஞ்ச ஆளு. பெரிய டப்பால இருந்து வெறும் கிண்ணத்துல எடுத்துட்டு வந்து, இது எங்க ஸ்பெஷல் மிக்ஸ், ஃபாரின் ஐட்டம்னா எனக்குக் கை உதறும். பேர் சொல்லாத எதையும் நான் மத்தவங்களுக்குப் போடறதும் இல்ல, எனக்குப் போட்டுக்கறதும் இல்ல. பருவுக்கு அடாபலின், ரெட்டினால் மாதிரி எதாவது ராத்திரி போடறீங்கன்னா, ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடறீங்கன்னா நீங்களும் அத மறைக்காம சொல்லணும், சொல்லாம வாக்ஸ் பண்ணா தோலே உரிஞ்சு வந்துடும்.

ரேட்ட கேட்டுட்டு உக்காருங்க. 2025 செப்டம்பர் 22ல இருந்து சலூன், பார்லர் சர்வீஸுக்கு ஜிஎஸ்டி 18ல இருந்து 5 சதவீதம் ஆயிடுச்சு, பில்லுல இன்னும் 18 இருந்தா கேக்கலாம்.

கோல்டு ஃபேஷியல், டைமண்ட் ஃபேஷியல், எது நல்லது?

பேர்ல இருக்கற தங்கம் தோலுக்குள்ள போகாது. ஃபேஷியல்ல கெடைக்கறது ஒரு நல்ல க்ளீனிங்கும் மசாஜும் கொஞ்ச நாள் பளபளப்பும், அதுக்கு சாதா ஃபேஷியலே போதும். பழுத்த பரு நிறைய இருந்தா எதுவுமே வேண்டாம். ப்ளீச் முடிய வெளுக்க வைக்கறது, தோல வெள்ளையாக்கறது இல்ல.

கெரட்டின், ஸ்மூத்தனிங், போடாக்ஸ்னு என்னென்னமோ சொல்றாங்க. எது பண்ணலாம்?

பேர் வேற வேறயா இருந்தாலும் ரெண்டு குடும்பம்தான். ஒண்ணு ரீபாண்டிங், ஸ்மூத்தனிங்: மருந்து போட்டு முடிக்குள்ள இருக்கற பிணைப்ப உடைச்சு, நேரா நிறுத்தி மறுபடி சேக்கறது. செஞ்ச முடி நேராவே இருக்கும், ஆனா வேர்ல இருந்து வளர்றது உங்க பழைய சுருட்டதான், மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர் சொச்சம் வளரும்னு வச்சுக்கிட்டாக்கூட ஆறு மாசத்துல மேல சுருட்ட கீழ நேர்னு ரெண்டு கெட்டானா நிக்கும், மறுபடி டச்சப் செலவு. ரெண்டாவது குடும்பம் கெரட்டின் வகையறா, மேல ஒரு பூச்சு பூசி அயர்ன் வச்சு சூட்டுல பதிய வைக்கறது, சில மாசத்துல கழண்டுடும். சூடு வைக்கறப்போ புகை வந்து கண்ணு எரிஞ்சு தொண்ட கமறுதுன்னா ஃபார்மால்டிஹைடு வருதுன்னு அர்த்தம், அது கேன்சர் லிஸ்ட்ல இருக்கற ஐட்டம். ஃபார்மால்டிஹைடு இல்லாததுன்னு விக்கற சிலதுல கிளையாக்ஸிலிக் ஆசிட் இருக்கும், அத போட்ட சிலருக்கு கிட்னி திடீர்னு பாதிச்சதா இஸ்ரேல், துனிசியான்னு வெளிநாட்டு மருத்துவ ரிப்போர்ட்லாம் வந்திருக்கு. பாட்டில்ல இந்தப் பேரப் பாத்தா வேண்டாம்னு சொல்லிடுங்க. கர்ப்பமா இருக்கறவங்க, பால் குடுக்கறவங்க, ஆஸ்துமா இருக்கறவங்க இந்தப் பக்கமே போகாதீங்க.

ரெண்டு குடும்பத்துக்கும் பொதுவா ஒண்ணு, நேத்து வரைக்கும் பாக்கெட் மருதாணியோ கலர் பவுடரோ போட்ட முடின்னா மறைக்காம சொல்லுங்க, அதுல சிலதுல இரும்பு, ஈயம் மாதிரி உப்பு கலந்திருக்கும், அது மேல மருந்து பட்டா முடி கையோட வந்துடும். இவ்வளவும் பண்ணிட்டு மறுநாள் அதே போர் தண்ணியில குளிச்சா என்ன ஆகும்னு நான் சொல்லத் தேவையில்ல. சுருட்ட முடிக்கு ஏத்த கட்டிங் தெரிஞ்ச ஆள தேடிப் பிடிச்சா பாதிப் பேருக்கு ஸ்ட்ரெயிட்னிங் ஆசையே போயிடும்ங்கறது என் கருத்து.

டை அடிச்சா மூஞ்சி வீங்குது, அதனால கருப்பு மருதாணி வாங்கிட்டேன், அது சேஃப்தானே?

மருதாணி கருப்பா பிடிக்காது, செம்பட்ட இல்ல பிரவுன்தான். கருப்பா பிடிக்குதுன்னா டைல இருக்கற பிபிடிங்கற அதே கெமிக்கலத்தான் கலந்திருப்பாங்க, உங்களுக்கு வீங்கறதே அதுக்குதான். ஒரு தடவ ஒத்துக்காதவங்களுக்கு அடுத்த தடவ இன்னும் மோசமா வரும், மூச்சுத் திணறல் வரைக்கும் போகும். டை போடறவங்க எல்லாருமே 48 மணி நேரம் முன்னாடி காதுக்குப் பின்னாடி ஒரு சொட்டு வச்சுப் பாத்துட்டுதான் போடணும், வழக்கமா போடற பிராண்டா இருந்தாலும். கைல அஞ்சு நிமிஷத்துல கருப்பா பிடிக்கற கோனும் இதே கதை.

கல்யாண மேக்கப்புக்கு ஆள் எப்படி பாக்கறது? இன்ஸ்டாவுல எல்லாரும் சூப்பராதான் இருக்காங்க.

இன்ஸ்டா போட்டோல ஃபில்டரும் ரிங் லைட்டும் இருக்கு. மூஞ்சி மட்டும் இல்லாம கழுத்தும் கையும் சேர்ந்து தெரியற வீடியோ கேளுங்க, முகம் ஒரு கலர் கை ஒரு கலர்னா அங்கயே விட்டுருங்க. ட்ரையல் கேளுங்க, காசு வாங்குனாலும் பரவாயில்ல. ஃபவுண்டேஷன மணிக்கட்டுல போட்டுப் பாக்காம தாடை ஓரத்துல மூணு ஷேட் கோடு மாதிரி போட்டு, கடைக்கு வெளிய வந்து பகல் வெளிச்சத்துல பாருங்க, எந்தக் கோடு மறைஞ்சு போகுதோ அதுதான் உங்களுது. நம்ம நெறத்துக்கு ரெண்டு ஷேட் வெள்ளையா போட்டா ஒரு மணி நேரத்துல சாம்பல் பூத்துடும். அப்படியே போன்ல ஃப்ளாஷ் போட்டு ஒரு போட்டோ எடுத்துருங்க, கண்ணுக்கு நல்லா இருந்தும் ஃப்ளாஷ்ல வெள்ளையடிச்ச மாதிரி தெரியற பவுடர் இருக்கு. எச்டி, ஏர்பிரஷ்ங்கறதெல்லாம் பொருளும் போடற முறையும்தான், போடற கை நல்லா இல்லன்னா எச்டியும் அப்பிதான் தெரியும்.

நம்ம பக்கம் மொத நாள் சாயங்காலம் ரிசப்ஷன், மறுநாள் விடியக்காலைல முகூர்த்தம். நாலரை ஆறு முகூர்த்தம்னா மேக்கப் ராத்திரி ஒன்றரைக்கே ஆரம்பிக்கணும். அதனால ஆள் மண்டபத்துலயே தங்குவாங்களா, ரெண்டு மேக்கப்பும் அவங்களே போடறாங்களா இல்ல காலைலதுக்கு அசிஸ்டென்ட்ட அனுப்பறாங்களான்னு கேட்டு வைங்க, இதுலதான் நிறைய சண்ட வருது. மணப்பொண்ணு ரூம்ல ஒரே ஒரு ட்யூப் லைட்டும் ஒரே பிளக்கும் இருக்கற மண்டபம் நிறைய, போன் சார்ஜருக்கும் அயர்னுக்கும் அடிதடி, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒண்ண நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்க. நலுங்குக்கு பூசுன மஞ்சள நல்லா கழுவாம மேல ஃபவுண்டேஷன் போட்டா கலர் மாறிடும், நலுங்கு வைக்கற பெரியம்மாகிட்ட மூஞ்சில லேசா தொட்டு வைங்கன்னு முன்னாடியே சொல்லிடுங்க. பூ ஜடை பேக்கேஜ்ல சேந்ததா தனியான்னு கேளுங்க, தை மாச கல்யாணத்துக்கு குளிர்ல மல்லி வரத்து கொறைஞ்சு வெல ஏறிக் கிடக்கும், மல்லி வெளையற காவேரிப்பட்டணம் பக்கத்துலயே இருந்தும்.

அட்வான்ஸ் குடுக்கறப்போ எத்தன மேக்கப், புடவ கட்டறது, போக்குவரத்து, தேதி தள்ளிப் போனா பணம் என்னாகும்னு எல்லாத்தையும் வாட்சப்ல ஒரு மெசேஜா போட்டு ஓகே வாங்கிக்கோங்க. கல்யாணத்துக்கு முந்தின பத்து நாள்ல புதுசா ஒரு க்ரீம், புதுசா ஒரு ஃபேஷியல், எதுவும் வேண்டாம், யாரு சொன்னாலும்.

பெங்களூர் பக்கம்தானே, அங்கயே போய் பண்ணிக்கலாமா?

ஓசூர்க்காரங்களுக்கு சரி. லேசர்ல முடி எடுக்கறதுக்கு மட்டும்னா மெஷினும் தோல் டாக்டரும் இருக்கற இடமா தேடிப் போங்க, நம்ம நெறத்துக்கு மெஷின் செட்டிங் தப்பா வச்சா சுட்டுடும். ஆறு எட்டு தடவ போகணும், நடுவுல வாக்ஸ் பண்ணக் கூடாது, முழுசா போகாது கொறையும், இதெல்லாம் கணக்குப் போட்டு பஸ் செலவையும் சேத்துக்கோங்க. த்ரெடிங், கட்டிங்குக்கு எதுக்கு பெங்களூரு.

ஆம்பளைங்களுக்கு எதுவும் சொல்லலையேக்கா?

ப்ளேடு உங்க கண்ணு முன்னாடி பிரிச்சு மாட்டணும். ஷேவிங் முடிச்சதும் ஒரே படிகாரக் கட்டிய எல்லார் மூஞ்சிலயும் தேய்க்கறாங்க, வேண்டாம்னு சொல்லிடுங்க. மெஷின துடைக்காம அடுத்த தலைக்கு வச்சா படர்தாமரை வரும். கழுத்த சொடுக்கு எடுக்க விடவே விடாதீங்க, கழுத்து ரத்தக் குழாய் கிழிஞ்சு பக்கவாதம் வந்தவங்க இருக்காங்க. தலைய பேசின்ல ரொம்ப நேரம் பின்னாடி சாய்ச்சு வைக்கறதுக்கும் இதே ஆபத்து உண்டு, 1993லயே ஒரு அமெரிக்க டாக்டர் அதுக்கு பியூட்டி பார்லர் ஸ்ட்ரோக்னே பேர் வச்சு எழுதினார். பொண்ணுங்களும் தலைக்கு வாஷ் பண்றப்போ கழுத்துக்கு ஒரு டவல் சுருட்டி வைக்கச் சொல்லுங்க.

பார்லர்ல மூஞ்சி பொசுங்கிடுச்சு, என்ன பண்ணலாம்?

பச்சத் தண்ணி ஊத்தி நல்லா கழுவுங்க, மஞ்சள், பேஸ்ட், எதுவும் அப்பாதீங்க. போட்ட பொருளோட டப்பாவ அங்கயே போட்டோ எடுத்துருங்க, டாக்டருக்கு அதுதான் முதல்ல வேணும். வீக்கம் கண்ணுகிட்ட வந்தாலோ மூச்சு வாங்குனாலோ அவசர சிகிச்சைக்கு ஓடுங்க. பில், போட்டோ, டாக்டர் சீட்டு மூணையும் வச்சுக்கிட்டு முதல்ல பார்லர்லயே பேசுங்க, பாதி அங்கயே முடியும். முடியலன்னா 1915க்கு போன் போடுங்க, தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன். பில் கேட்டு வாங்கற பழக்கம் இல்லன்னா இங்கதான் மாட்டிக்குவீங்க.

டிப்ஸ் குடுக்கணுமா?

கட்டாயம் இல்ல. குடுக்கறதுன்னா கவுன்டர்ல சேத்துக் குடுக்காம வேலை செஞ்ச பொண்ணு கைலயே குடுங்க, கவுன்டர்ல போட்டது அவங்களுக்குப் போய்ச் சேருமான்னு கேக்காதீங்க.